அயனி அட்டைப் பெட்டி: வாங்கலாம், வாங்கியதும் சில இடங்களைத் திருத்துங்கள்

உலோகச் சேர்மங்களுக்கு வேதி வாய்ப்பாடு எழுதப் பழக்குவதற்கென்றே அறிவியல் உபகரணக் கடைகளிலும் இணையத்திலும் ஒரு வகை அட்டைப் பெட்டி விற்கிறார்கள். இங்கே எடுத்துக்கொண்ட பெட்டியில் 32 அயனிகள் (மின்சுமை உள்ள அணு அல்லது அணுக்கூட்டம்), ஒவ்வொன்றுக்கும் மூன்று அட்டை, ஆக 96 அட்டைகள். கூடவே நான்காக மடித்த ஒரு குறிப்புத்தாள். விலை 380 ரூபாய். முன்பக்கத்தில் அயனியின் குறியீடும் மின்சுமையும், பின்பக்கத்தில் தமிழ்ப் பெயர். நேரயனிகள் ஆரஞ்சு நிறம், எதிரயனிகள் நீலம். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்டிருக்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மின்சுமை சமனாக வேண்டும் என்பதைக் கண்ணால் பார்க்க வைப்பதில் இந்தப் பெட்டி மிக நன்றாக வேலை செய்கிறது. பெயரிடுவதற்கு அவ்வளவாக உதவாது. மூன்று இடத்தில் பிழை இருக்கிறது. மூன்றையும் திருத்தாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

அட்டைகள் எல்லாவற்றுக்கும் அகலம் 5 செ.மீ. உயரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மின்சுமை ஒன்று உள்ள அயனிக்கு 3 செ.மீ., இரண்டுக்கு 6, மூன்றுக்கு 9, நான்குக்கு 12. ஆரஞ்சு அட்டைகளை மேசைமேல் இடப்பக்கம் கீழிருந்து மேலாக ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். நீல அட்டைகளை அதையொட்டி வலப்பக்கம். இரண்டு வரிசையின் தலையும் ஒரே மட்டத்துக்கு வந்தால் சேர்மம் முடிந்தது. எந்தப் பக்கம் குட்டையோ அந்தப் பக்கம் இன்னொரு அட்டை. வேறு விதி எதுவும் தேவையில்லை.

அலுமினியம் ஆக்சைடை வைத்துப் பாருங்கள். ஓர் அலுமினியம் 9 செ.மீ., ஓர் ஆக்சைடு 6 செ.மீ. நீலம் குட்டை, இன்னொரு ஆக்சைடு வைக்கிறோம், 12 ஆகிறது. இப்போது ஆரஞ்சு குட்டை, இன்னொரு அலுமினியம், 18. நீலத்தில் மூன்றாவது ஆக்சைடு, 18. இரண்டுக்கு மூன்று. மீச்சிறு பொது மடங்கு என்ற சொல்லே வாயில் வராமல் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்கும் குறுக்குப் பெருக்கல் முறையும் இதே விடையைத்தான் தரும், வேகமாகவும் தரும். ஆனால் அலுமினியத்தின் மூன்று ஏன் ஆக்சிஜனின் காலடிக்குப் போகிறது என்று கேட்டால் அந்த முறையிடம் பதில் கிடையாது. இங்கே பதில் மேசைமேல் கிடக்கிறது.

குறுக்குப் பெருக்கலில் மதிப்பெண் போகும் இடம் சுருக்காமல் விடுவது. மெக்னீசியம் ஆக்சைடுக்கு இரண்டு, இரண்டு என்று எழுதி அப்படியே நிறுத்திவிடுவார்கள். டின் நான்கு ஆக்சைடுக்கு, அதாவது 4+ டின்னுக்கு, இரண்டு டின் நான்கு ஆக்சிஜன் என்று எழுதுவார்கள். அட்டையில் இந்தத் தவறு செய்யவே முடியாது. மெக்னீசியம் 6, ஆக்சைடு 6, முதல் ஜோடியிலேயே மட்டம் சரி. டின் 12, இரண்டு ஆக்சைடு 12, அங்கேயே முடிந்தது. அயனிச் சேர்மத்தின் வாய்ப்பாடு என்பது மிகச் சிறிய முழு எண் விகிதம் என்று தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லாமல் போகிறது.

கால்சியம் பாஸ்பேட்டுக்கு மூன்று கால்சியமும் இரண்டு பாஸ்பேட்டும், இரு பக்கமும் 18 செ.மீ. இதற்கு மேலும் ஒரு படி போகலாம். காந்த இரும்புத் தாதான மேக்னடைட்டில் மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன். ஒரே வகை இரும்பு அட்டையை வைத்துக்கொண்டு எப்படி அடுக்கினாலும் இது வராது. 2+ இரும்பு ஒன்று, 3+ இரும்பு இரண்டு எடுத்தால் 6, 9, 9, ஆக 24. நான்கு ஆக்சைடும் 24. ஒரு சேர்மத்துக்குள்ளேயே இரும்பு இரண்டு மின்சுமையில் இருக்கலாம் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட எளிதாகப் பிடிபட வழியில்லை. பெட்டியில் ஆக்சைடு மூன்றே அட்டை என்பதால் இதை அப்படியே செய்து காட்ட முடியாது. அதற்கு வழி கீழே சொல்லியிருக்கிறோம்.

இன்னொரு நல்ல காரியம், பல்லணு அயனிகளை ஒரே அட்டையில் ஒரே சதுரத்துக்குள் அச்சிட்டிருப்பது. சல்பேட்டைக் கந்தகம் வேறு, ஆக்சிஜன் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இதனால் வராது. அம்மோனியம் நைட்ரேட்டில் இரண்டு இடத்தில் நைட்ரஜன் வருகிறது. இரண்டையும் கூட்டி ஒரே இடத்தில் எழுதும் பிள்ளைகள் உண்டு. ஆரஞ்சில் ஒரு நைட்ரஜன், நீலத்தில் ஒரு நைட்ரஜன் என்று பார்த்த பிறகு யாரும் கூட்டுவதில்லை.

இனி பிழைகள்.

பெரிய பிழை பாதரசத்தில். மெர்குரஸ் அயனியை 1+ என்று போட்டு 3 செ.மீ. அட்டையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் குளோரைடோடு சேர்த்தால் ஒன்றுக்கு ஒன்று என்று வரும். அது தவறு. மெர்குரஸ் அயனியில் இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அந்த இரட்டைக்கு மொத்தம் 2+ மின்சுமை. ஆகவே மெர்குரஸ் குளோரைடில் இரண்டு பாதரசம், இரண்டு குளோரின், அதைச் சுருக்கவும் கூடாது. திருத்தம் சுலபம். இரண்டு மெர்குரஸ் அட்டைகளைப் பின்பக்கம் செல்லோடேப் போட்டு நீளவாக்கில் ஒட்டுங்கள், 6 செ.மீ. ஆகிவிடும். இரண்டிலும் உள்ள மின்சுமையை அடித்துவிட்டு, நடுவில் 2+ என்று நிரந்தர மையால் எழுதுங்கள். மூன்றாவது அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பெராக்சைடு அயனியும் இதே மாதிரிதான், இரண்டு ஆக்சிஜன் சேர்ந்து 2−. அதைப் பெட்டியில் சரியாகவே 6 செ.மீ. அட்டையாகக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே தெரிந்தது பாதரசத்தில் எப்படி விட்டுப்போனது என்று புரியவில்லை.

இரண்டாவது, மின்சுமையை எழுதிய விதம். எல்லா அட்டையிலும் +2, −3 என்று குறியை முன்னால் போட்டிருக்கிறார்கள். அயனியின் மின்சுமையை 2+, 3− என்று எண்ணை முன்னால் எழுத வேண்டும். குறி முன்னால் வந்தால் அது ஆக்ஸிஜனேற்ற எண், அதாவது சேர்மத்திலோ அயனியிலோ உள்ள ஓர் அணுவுக்குக் கணக்கிட்டுக் கொடுக்கும் எண். ஒன்பதாம் வகுப்பில் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பதினொன்றாம் வகுப்பில் பெர்மாங்கனேட்டின் மின்சுமை 1−, அதிலுள்ள மாங்கனீசின் ஆக்ஸிஜனேற்ற எண் +7 என்று இரண்டும் ஒரே வரியில் வரும்போது, இங்கே குழம்பியவர்கள் அங்கே நிற்பார்கள். 96 அட்டையையும் திருத்துவது நடக்காத காரியம். குறிப்புத்தாளின் தலைப்பில் பெரிதாக எழுதி, கரும்பலகையில் ஒவ்வொரு முறையும் சரியாக எழுதிக் காட்டுவதுதான் வழி.

மூன்றாவது, பின்பக்கப் பெயர்கள். கந்தகம் மட்டும் உள்ள அயனி சல்பைடு. கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன் சேர்ந்தது சல்பைட்டு. நான்கு சேர்ந்தது சல்பேட்டு. அட்டையில் முதல் இரண்டுக்குமே ‘சல்பைட்’ என்று அச்சாகியிருக்கிறது. மூன்றுக்கும் மின்சுமை ஒன்றுதான், 2−, மூன்றுக்கும் 6 செ.மீ. உயரம்தான். உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. நைட்ரைடு, நைட்ரைட்டு விஷயத்திலும் இதே அச்சுப் பிழை. அங்கே மட்டும் நைட்ரைடு 3− என்பதால் 9 செ.மீ., நைட்ரைட்டு 1− என்பதால் 3 செ.மீ.; தவறு உடனே தெரிந்துவிடும். இந்த அட்டைகளின் பின்பக்கம் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி முழுப் பெயர் எழுதிவிடுங்கள்.

பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் கவனிக்க வேண்டியது வெட்டு. லேமினேஷன் செய்த 300 ஜி.எஸ்.எம். அட்டை, தடிமன் போதும், நீண்ட நாள் தாங்கும். ஆனால் 6 செ.மீ. என்று இருக்க வேண்டிய சில அட்டைகள் அளந்தால் 5.8 தான் வருகின்றன. ஓர் அட்டையில் 2 மி.மீ. தெரியாது. மூன்று ஆக்சைடை அடுக்கும்போது 17.4 ஆகிவிடும், பக்கத்தில் இரண்டு அலுமினியம் 18. அந்த 6 மி.மீ. இடைவெளியைப் பார்த்த பிள்ளை, இன்னும் பொருந்தவில்லை என்று நான்காவது அட்டையைத் தேடும். ஒரு அளவுகோலைக் கீழே வைத்து, அட்டைகளை 3 செ.மீ. கட்டம் போட்ட சார்ட் தாள்மேல் அடுக்கச் சொன்னால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். அட்டை எந்தக் கோட்டைத் தொட வேண்டுமோ அந்தக் கோட்டில் தொடங்கினால் போதும்.

எல்லா அயனிக்கும் மூன்று அட்டை என்ற கணக்கு யோசித்துப் போட்டதல்ல. ஓர் அயனி எத்தனை வேண்டும் என்பதை எதிர்ப்பக்க அயனியின் மின்சுமைதான் தீர்மானிக்கிறது. 4+ டின்னோடு குளோரைடு சேர நான்கு குளோரைடு வேண்டும், மூன்றுதான் இருக்கிறது. மேக்னடைட்டுக்கு நான்கு ஆக்சைடு வேண்டும், மூன்றுதான் இருக்கிறது. மறுபக்கம், அலுமினியம் போன்ற 3+ அயனிகளுக்கு இந்தப் பெட்டியில் உள்ள எந்த எதிரயனியோடு சேர்த்தாலும் இரண்டுக்கு மேல் தேவைப்படாது. நைட்ரைடுக்கும் பாஸ்பேட்டுக்கும் பள்ளிப் பாடத்தில் வரும் சேர்மங்கள் வரை இரண்டே போதும். அந்த மூன்றாவது அட்டைகள் சும்மா கிடக்கும்.

சும்மா கிடப்பதை வெட்டிப் பயன்படுத்தலாம். நைட்ரைடின் மூன்றாவது அட்டை 9 செ.மீ. நீலம். 6, 3 என்று வெட்டி, ஒன்றில் ஆக்சைடு, மற்றதில் குளோரைடு என்று ஸ்டிக்கர் ஒட்டினால் குறைந்த இரண்டு அட்டையும் கிடைத்துவிடும். பாஸ்பேட்டின் மூன்றாவது அட்டையையும் அதேபோல் வெட்டினால் 6 செ.மீ. துண்டு ஹைட்ரஜன் பாஸ்பேட், 3 செ.மீ. துண்டு டைஹைட்ரஜன் பாஸ்பேட். பாஸ்பேட்டோடு ஒரு ஹைட்ரஜன் அயனி சேர்ந்தால் மின்சுமை ஒன்று குறையும், இரண்டு சேர்ந்தால் இரண்டு குறையும் என்பதை வெட்டும்போதே காட்டிவிடலாம். இந்த அட்டை எதற்கு என்றால், உரக்கடையில் விற்கும் டி.ஏ.பி.க்கு. டை அம்மோனியம் பாஸ்பேட் என்று மூட்டையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பாஸ்பேட் 3− ஆயிற்றே, மூன்று அம்மோனியம் அல்லவா வர வேண்டும் என்று நன்றாகப் படிக்கும் பிள்ளை கேட்கும். கேட்பது நியாயம்தான். அதில் உள்ளது ஹைட்ரஜன் பாஸ்பேட், 2−. அம்மோனியம் இரண்டு, 3-ம் 3-ம் 6, மட்டம் சரி.

மேசையில் அடுக்கியதை நோட்டில் எழுதும் கட்டத்தில் பெட்டி கைவிட்டுவிடுகிறது. குறிப்புத்தாளில் அடைப்புக்குறியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அட்டையில் இரண்டு சல்பேட், மூன்று சல்பேட் என்று எண்ணியவர்கள், நோட்டில் சல்பேட்டின் நான்குக்குப் பக்கத்திலேயே மூன்றை எழுதுவார்கள்; படித்தால் 43 ஆக்சிஜன் என்றாகும். கால்சியம் ஹைட்ராக்சைடில் அடைப்புக்குறி விட்டுப்போனால் ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு என்று அர்த்தம் மாறிவிடும். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய விதி இவ்வளவுதான்: அட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட அணு இருந்து, அந்த அட்டை ஒன்றுக்கு மேல் வந்தால் மட்டும் அடைப்புக்குறி. இரண்டு நிபந்தனையும் சேர வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடுக்கு வேண்டாம், ஹைட்ராக்சைடு ஒன்றுதான். கால்சியம் குளோரைடுக்கும் வேண்டாம், குளோரைடில் ஒரே அணு. அம்மோனியம் சல்பேட்டில் அடைப்புக்குறி முன்பக்கம் வரும். பிள்ளைகள் பழக்க தோஷத்தில் சல்பேட்டுக்குப் போடுவார்கள், கவனியுங்கள். மின்சுமைக் குறிகளை வாய்ப்பாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெயரிடும் பகுதிக்கு வருவோம். பொது விதி சுலபம்: உலோகத்தின் பெயர் முதலில், மாற்றமில்லாமல், அடுத்து எதிரயனியின் பெயர். எண்ணிக்கை பெயரில் வராது. கால்சியம் குளோரைடுதான், கால்சியம் டைகுளோரைடு இல்லை. கார்பன் டைஆக்சைடில் ‘டை’ வருகிறதே என்று கேட்டால், அது இரண்டு அலோகங்கள் சேர்ந்த மூலக்கூறு, அங்கே மின்சுமை எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில்லை, அதனால் பெயரிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது என்று விளக்கலாம். சோடியம், கால்சியம், அலுமினியம், துத்தநாகம், வெள்ளி இவற்றுக்கெல்லாம் ஒரே மின்சுமை என்பதால் இந்த விதியே போதும்.

இரும்பு, தாமிரம், டின், லெட், பாதரசம் என்று வரும்போது போதாது. பெட்டியில் இவற்றின் பின்பக்கம் பெர்ரஸ், பெர்ரிக், குப்ரஸ், குப்ரிக், ஸ்டேனஸ், ஸ்டேனிக் என்ற பழைய பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றன. இந்தப் பெயர்கள் இரண்டில் எது குறைவு, எது கூடுதல் என்று மட்டும் சொல்கின்றன, எண்ணைச் சொல்வதில்லை. பெர்ரிக் 3+, குப்ரிக் 2+, ஸ்டேனிக் 4+. மூன்றுமே ‘இக்’. ‘இக்’ என்றால் மூன்று என்று மனப்பாடம் செய்த பிள்ளை குப்ரிக் ஆக்சைடில் தடுமாறும். ஆல்பிரட் ஸ்டாக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1919-இல் முன்வைத்த முறையில் உலோகப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ரோமன் எண்ணாக அந்த எண்ணையே எழுதிவிடுவதால் இந்தச் சிக்கல் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டும் வேலையோடு வேலையாக இந்த அட்டைகளின் பின்னாலும் ரோமன் எண்ணை எழுதிவிடுங்கள். பழைய பெயரை அழிக்க வேண்டாம்; ஆய்வகப் புட்டிகளிலும் மருந்துச் சீட்டுகளிலும் பெர்ரஸ் சல்பேட் என்றுதான் இன்னும் எழுதுகிறார்கள்.

வாய்ப்பாட்டைக் கொடுத்துப் பெயர் கேட்கும் கணக்குக்கும் அட்டைகளைத் திருப்பிப் பயன்படுத்தலாம், குறிப்புத்தாள் இதைச் சொல்லவில்லை. மாங்கனீசு ஒன்று, ஆக்சிஜன் இரண்டு என்று கொடுத்திருக்கிறார்கள். மின்சுமை மாறாத பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், அதாவது ஆக்சைடு. இரண்டு நீல அட்டை, 12 செ.மீ. அதற்கு ஈடாக ஒரே ஓர் ஆரஞ்சு அட்டைதான் நிற்க வேண்டும், ஆகவே அதன் உயரம் 12, மின்சுமை 4+. பெயர் மாங்கனீசு ரோமன் நான்கு ஆக்சைடு. குறுக்குப் பெருக்கலைத் தலைகீழாகச் செய்தவர்கள் இங்கே மாங்கனீசுக்கு 2+ என்று எழுதிவிடுவார்கள். இரும்பு ஒன்று ஆக்சிஜன் ஒன்று என்றால் இரும்பு 1+ என்றுகூட எழுதுவார்கள். சுருக்கப்பட்ட விகிதத்திலிருந்து மின்சுமையை அப்படிப் பின்னோக்கி எடுக்க முடியாது.

படிகத்துக்குள் நீரையும் சேர்த்து வைத்திருக்கும் நீரேற்று உப்புகளுக்குப் பெட்டியில் எதுவும் இல்லை. நீருக்கு மின்சுமை இல்லாததால் அடுக்கில் இடமில்லை, தனிச் சீட்டாகப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் விட்டுவிடக் கூடாது. மயில்துத்தத்தில் ஒரு தாமிர சல்பேட்டுக்கு ஐந்து நீர். மோலார் நிறை 249.7 கிராம். நீரைக் கணக்கில் எடுக்காமல் 159.6 என்று வைத்துக்கொண்டு 0.1 மோலார் கரைசல் 250 மி.லி. தயாரித்தால் நீலப் படிகத்தை 6.24 கிராமுக்குப் பதில் 3.99 கிராம்தான் நிறுப்பீர்கள்; கரைசல் 0.064 மோலாராக இறங்கிவிடும். பிளஸ் டூ பருமனறி பகுப்பாய்வில் வரும் மோர் உப்பையும் அட்டையில் அடுக்கலாம்: அம்மோனியம் இரண்டு, 2+ இரும்பு ஒன்று, எதிரே சல்பேட் இரண்டு, இருபுறமும் 12 செ.மீ. ஆறு நீர்ச் சீட்டுகள் தனியே.

380 ரூபாய் அதிகம் என்று நினைக்கும் பள்ளிகளுக்கு மாற்று வழி உண்டு. என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலில் அணுக்களும் மூலக்கூறுகளும் பாடத்தோடு வந்த செயல்பாடு அது: காலியான மாத்திரைப் பட்டைகளை மின்சுமைக்கு ஏற்றபடி ஒரு குழி, இரண்டு குழி, மூன்று குழியாக வெட்டி, நேரயனிப் பட்டையை எதிரயனிப் பட்டைக்குள் பொருத்துவது. செலவு இல்லை. செய்யும்போது ஒரே மாத்திரையின் பட்டைகளையே சேகரிக்க வேண்டும், குழி அளவு மாறினால் ஒன்றுக்குள் ஒன்று உட்காராது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டைதான் நல்லது. முழுதும் அலுமினியமான பட்டை இரண்டு முறை அழுத்தினால் நசுங்கிவிடும். பின்புறத் தாளை முழுக்க உரித்துவிட்டு, வெட்டிய மூலைகளை மழுக்கிவிடுங்கள், பிளாஸ்டிக் முனை விரலைக் கீறும். அட்டையைவிட இது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் பெயர் எழுத இடமில்லை; மூன்று பாஸ்பேட், நான்கு ஆக்சைடு என்று போகும்போது கையில் நிற்காமல் கழன்றுவிடும்.

நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு நான்கு பேருக்கு ஒரு பெட்டி என்று பத்துப் பெட்டி வாங்கத் தேவையில்லை. ஐந்து பெட்டி வாங்கி, எட்டுப் பேரில் நான்கு பேர் அடுக்க, நான்கு பேர் நோட்டில் எழுதிப் பெயரிட, பிறகு மாறிக்கொண்டால் சரியாக இருக்கும். கடையில் வாங்கும்போது ஒரு பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு அலுமினியத்தையும் மூன்று ஆக்சைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மட்டம் பாருங்கள், பிறகு மெர்குரஸ் அட்டையை எடுத்து 6 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். புதிய அச்சில் அதைத் திருத்தியிருந்தால் மற்ற பிழைகளும் போயிருக்க வாய்ப்பிருக்கிறது. சல்பைட்டு அட்டையையும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.